வாளும் கோரைப்பல்லும்: 'பிளேடு' அனிமே எங்கிருந்து வந்தது?

1980 ஆகஸ்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் டிராகுலாவைப் பற்றிய அனிமேப் படம் (ஜப்பானிய அசைவூட்டப் படம்) ஒன்று ஒளிபரப்பானது. டோயி நிறுவனத்தின் தயாரிப்பு. மூலக்கதை, மார்வெல் வெளியிட்டுவந்த 'தி டூம் ஆஃப் டிராகுலா' என்ற அமெரிக்கக் காமிக்ஸ். 1970களின் இறுதியில் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் பாத்திரங்களை மற்றவர் பயன்படுத்த வழிசெய்திருந்தன. 1978இல் ஜப்பானிய ஸ்பைடர்மேன் பிரம்மாண்டமான ரோபோ ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்ததும் அதே ஒப்பந்தத்தால்தான். டிராகுலா காமிக்ஸில் அவனைத் துரத்தும் வேட்டைக் கூட்டம் ஒன்று உண்டு. சக்கர நாற்காலி முதியவர் ஹார்க்கர், வில்லேந்திய ரேச்சல் வான் ஹெல்சிங், டிராகுலாவின் வம்சத்திலேயே பிறந்து அவனை அழிக்கத் துடிக்கும் ஃபிராங்க் டிரேக் என மூவரும் அனிமேயிலும் வருகிறார்கள். அதே காமிக்ஸில் பிறந்த பிளேடு என்ற கறுப்பினக் காட்டேரி வேட்டைக்காரன் மட்டும் அதில் இல்லை.

மூவரையும் இன்று காமிக்ஸ் ஆர்வலர்களைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. விடுபட்டவனோ மூன்று திரைப்படங்களுக்கு நாயகனாகி, 2011இல் தன் பெயரிலேயே 12 அத்தியாயங்கள் கொண்ட அனிமேத் தொடருடன் ஜப்பானுக்குள் நுழைந்தான். அந்தத் தொடரை மார்வெலின் மறக்கத்தக்க முயற்சிகளில் ஒன்றாகத் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைகள் நிறைய உள்ள தொடர்தான். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாக வளர்ந்த இரண்டு வேட்டைக்கார மரபுகள் ஒரே உடலில் சந்தித்த இடம் அது. அந்தச் சந்திப்பைப் புரிந்துகொள்ள, பிளேடு எப்படிப் பிறந்தான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் காமிக்ஸில் இரத்தக்காட்டேரிகளுக்கு நீண்டகாலம் தடை இருந்தது. 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை விதிகள், நடமாடும் பிணங்கள், இரத்தக்காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் ஆகியவற்றை அடியோடு விலக்கிவைத்தன. 1971இல்தான் விதி தளர்ந்தது. பழைய இலக்கிய மரபைப் பின்பற்றிக் கையாளப்படும் காட்டேரிகளுக்கு அனுமதி கிடைத்தது. மார்வெல் காத்திருந்ததுபோலப் பாய்ந்தது. அதே ஆண்டில் ஸ்பைடர்மேன் இதழில் மோர்பியஸ் என்ற காட்டேரி வந்தான். 1972இல் டிராகுலாவுக்குத் தனி இதழே தொடங்கப்பட்டு, 1979 வரை 70 இதழ்கள் வெளிவந்தன.

அந்த வரிசையின் பத்தாவது இதழில், 1973 ஜூலையில், பிளேடு அறிமுகமானான். எழுதியவர் மார்வ் உல்ஃப்மேன், வரைந்தவர் ஜீன் கோலன். 'ஷாஃப்ட்', 'பிளாக்குலா' போன்ற படங்கள் வழியே கறுப்பின நாயகர்கள் அமெரிக்கத் திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பச்சைத் தோல் மேலங்கி, பெரிய கண்ணாடி, மார்புக்குக் குறுக்கே வரிசையாக மரக்கத்திகள் என்ற அவன் தோற்றத்தில் அந்தக் காலத்தின் சாயல் அப்படியே இருக்கிறது. 1966இல் பிளாக் பேந்தர், 1969இல் ஃபால்கன், 1972இல் லூக் கேஜ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின நாயகர்களே மார்வெலில் இருந்த நாளில் வந்தவன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபால்கனை உருவாக்கியதிலும் கோலனுக்குப் பங்குண்டு.

காமிக்ஸில் அவனுடைய பிறப்பின் கதை கொடூரமானது. லண்டனில் ஒரு விலைமாதர் விடுதியில் அவன் தாய் பிரசவ வலியில் துடிக்கிறாள். உதவிக்கு அழைக்கப்பட்ட மருத்துவர் டீக்கன் ஃப்ராஸ்ட் உண்மையில் இரத்தக்காட்டேரி. அவளைக் கடித்து உறிஞ்சிக் கொல்கிறான். குழந்தை பிழைக்கிறது; அதன் இரத்தத்தில் ஏதோ மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. அந்த மாற்றம் மிகச் சிறியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூல பிளேடு பாதிக் காட்டேரி கிடையாது. காட்டேரி கடித்தாலும் காட்டேரியாக மாறாத ஒரு மனிதன், அவ்வளவுதான். அசாத்திய வலிமையோ உடனே ஆறும் காயங்களோ அவனிடம் இல்லை. கத்தி வீசும் திறமையும் ஆறாத கோபமுமே அவனுடைய ஆயுதங்கள்.

பாதி மனிதன், பாதிக் காட்டேரி என்ற இன்றைய பிளேடு திரையில் பிறந்தவன். 1996இல் ஸ்பைடர்மேன் கார்ட்டூன் தொடரில் அந்த வடிவம் முதலில் தலைகாட்டியது. குழந்தைகளுக்கான தொடர் என்பதால் இரத்தம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. மோர்பியஸ் பற்களை விட்டுவிட்டு, உள்ளங்கைகளால் 'பிளாஸ்மா' உறிஞ்சினான். இரண்டு ஆண்டுகள் கழித்து வெஸ்லி ஸ்நைப்ஸ் நடித்த திரைப்படம் அந்த வடிவத்தை உலகுக்கு நிலைநிறுத்தியது. டேவிட் கோயர் எழுதி ஸ்டீபன் நாரிங்டன் இயக்கிய அந்தப் படம் 4.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் சுமார் 13 கோடி டாலர் வசூலித்தது. மார்வெல் திவாலாகித் தள்ளாடிய காலம் அது. எக்ஸ்-மென் படமும் ஸ்பைடர்மேன் படமும் அதற்குப் பிறகே வந்தன. பாத்திரத்தின் உரிமை தனக்கே உரியது என்று உல்ஃப்மேன் தொடுத்த வழக்கு 2000இல் மார்வெலுக்குச் சாதகமாக முடிந்தது. படைத்தவருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநியாயமாகவே அதை நான் கருதுகிறேன்.

திரைப்படத்தின் தாக்கம் காமிக்ஸுக்கும் திரும்பி வந்தது. 1999இல் ஸ்பைடர்மேன் இதழ் ஒன்றில் மோர்பியஸ் பிளேடைக் கடிக்க, காமிக்ஸ் பிளேடுக்கும் படத்தில் கண்ட ஆற்றல்கள் வந்து சேர்ந்தன.

இனி ஜப்பான் பக்கம். மனிதனுக்கும் காட்டேரிக்கும் பிறந்து, காட்டேரிகளையே வேட்டையாடுபவன் என்ற கருத்து பால்கன் நாட்டுப்புற நம்பிக்கையில் தொன்றுதொட்டு உண்டு. அத்தகைய பிள்ளையை அங்கே தம்பிர் என்பார்கள். மற்றவர் கண்ணுக்குப் படாத காட்டேரியையும் அவனால் கண்டுகொள்ள முடியும் என்று நம்பினார்கள். அந்த உருவத்தை நவீன வாசகர்களிடம் வலுவாகக் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர் ஜப்பானிய எழுத்தாளர் ஹிதேயுகி கிகுச்சி. 1983இல் தொடங்கிய அவருடைய 'வேம்பயர் ஹன்டர் டி' நாவல்கள், மனித நாகரிகம் சிதைந்துபோன தொலைதூர எதிர்காலத்தில் நடக்கின்றன. நாயகன் டி ஓர் அரைக்காட்டேரி: நீண்ட வாள், அகன்ற தொப்பி, பேச்சைச் சிக்கனமாகச் செலவிடும் இயல்பு. எந்த ஊரிலும் அவனுக்கு வேலை தருவார்கள், இருக்க இடம் தரமாட்டார்கள். யோஷிதாகா அமானோவின் ஓவியங்கள் அவனுக்குக் கனவில் கண்டது போன்ற அழகைத் தந்தன. 1985இல் முதல் அனிமே, 2000இல் 'பிளட்லஸ்ட்' என்ற இரண்டாவது படம். இரண்டாவதை இயக்கியவர் யோஷியாகி கவாஜிரி, தயாரித்தது மேட்ஹவுஸ் ஸ்டுடியோ.

காலவரிசையை வைத்துப் பாருங்கள். 1973இல் அமெரிக்கா ஒரு மனித வேட்டைக்காரனைப் படைக்கிறது. 1983இல் ஜப்பான் வாளேந்திய அரைக்காட்டேரி வேட்டைக்காரனைப் படைக்கிறது. 1998இல் அமெரிக்க நாயகன் அரைக்காட்டேரியாகி, கையில் வாளுடன் திரையில் நிற்கிறான். ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிளேடு கதையை அனிமே ஆக்கும் பொறுப்பு மேட்ஹவுஸிடம் வந்தபோது, அவர்கள் கைக்கு வந்தது அந்நியச் சரக்கு அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். இந்த வகைக் கதையின் மிக அழகான அனிமேப் படத்தை எடுத்து முடித்தவர்கள் அவர்கள். அதுவே அவர்களுக்குப் பாரமாகவும் ஆனது என்பது என் எண்ணம்.

மேட்ஹவுஸ் 1972இல் மசாவோ மருயாமா, ஒசாமு தெசாகி, ரின்தாரோ, கவாஜிரி ஆகியோர் சேர்ந்து தொடங்கிய ஸ்டுடியோ. 'நிஞ்ஜா ஸ்க்ரோல்', 'டெத் நோட்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பாத்திரங்களை ஜப்பானிய ஸ்டுடியோக்களிடம் ஒப்படைத்து, புதிய பார்வையாளரைத் தேடிய காலம் அது. 2003இல் 'அனிமேட்ரிக்ஸ்', 2008இல் 'பேட்மேன்: கோதம் நைட்' என்று அந்த ஓட்டம் பெருகிவந்தது. மார்வெல் மேட்ஹவுஸுடன் செய்துகொண்ட ஏற்பாட்டில் நான்கு தொடர்கள் உருவாயின. 2010 அக்டோபரில் அயர்ன் மேன், 2011 ஜனவரியில் வுல்வரின், ஏப்ரலில் எக்ஸ்-மென், ஜூலையில் பிளேடு. ஒவ்வொன்றும் 12 அத்தியாயங்கள், எல்லாமே அனிமேக்ஸ் சேனலில். நான்குக்கும் அடிப்படைக் கதையை வகுத்தவர் ஆங்கிலேயக் காமிக்ஸ் எழுத்தாளர் வாரன் எல்லிஸ். பிளேடுக்குத் திரைக்கதை எழுதியவர் கென்டா ஃபுகாசாகு. தந்தை கின்ஜி ஃபுகாசாகு இயக்கிய 'பேட்டில் ராயல்' படத்தின் எழுத்தாளர். இயக்கம் மிட்சுயுகி மசுஹாரா. இவரே அடுத்த ஆண்டு வெள்ளைக் கரடி ஒன்று காபிக்கடை நடத்தும் 'ஷிரோகுமா கஃபே' என்ற மென்மையான நகைச்சுவைத் தொடரை இயக்கினார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

வுல்வரின் தொடரை விட்டால், நான்கில் ஜப்பானிய மண்ணோடு இயல்பாகப் பொருந்தியது பிளேடுதான். அயர்ன் மேனை ஜப்பானுக்கு அழைத்துவர ஒரு மின்னுலைத் திட்டம் தேவைப்பட்டது. பிளேடுக்குத் தேவைப்பட்டது அவன் கையில் ஏற்கெனவே இருந்த வாளுக்கு ஒரு குரு மட்டும்.

அந்த குருவைத் தொடர் தருகிறது. பெயர் தன்பா யாக்யூ. யாக்யூ என்ற குடும்பப் பெயர் ஜப்பானியப் பார்வையாளர் காதில் விழுந்தவுடனே பொருள் தரும். ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஷோகன்களுக்கு வாட்பயிற்சி அளித்த குடும்பம் அது. திரைப்படத்தில் பிளேடின் வாள் விலையுயர்ந்த ஆயுதம், அவ்வளவே. யாரிடம் கற்றான், எதற்குக் கட்டுப்பட்டு வீசுகிறான் என்ற கேள்வி அங்கே எழவில்லை. அனிமேயில் அந்த வாள் ஒரு பயிற்சியின் தொடர்ச்சியாகிறது. எதிரியை வெல்வதற்கு முன்னால் தனக்குள் இருக்கும் இரத்தவெறியைக் கட்டுக்குள் வைக்கக் கற்க வேண்டும் என்ற சாமுராய் ஒழுக்கம், அரைக்காட்டேரிக்கு எவ்வளவு பொருத்தம்! தன்னை அடக்குவதே கலை என்று சொல்லும் வாள்மரபும், தன்னை அடக்காவிட்டால் அரக்கனாகிவிடும் மனிதனும் சந்திக்கும் இடம் இது. இந்த ஒரு சேர்க்கைக்காகவே இந்தத் தொடரை மதிக்கலாம்.

இன்னொரு வழிகாட்டி நோவா வான் ஹெல்சிங். திரைப்படத்தில் பிளேடுக்கு வழிகாட்டியாக வரும் விஸ்லருக்கு உரிய இடத்தில் அனிமே இவரை வைக்கிறது. வான் ஹெல்சிங் என்ற பெயர், 1980 படத்தில் ரேச்சல் ஏந்திவந்த அதே பெயர். பழைய காமிக்ஸ் கூட்டத்தை நினைவில் வைத்திருக்கும் யாரோ இந்தக் கதையை வகுத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். பயணத்தில் மகோட்டோ என்ற இளம்பெண்ணும் சேர்கிறாள். 'எக்ஸிஸ்டன்ஸ்' என்ற காட்டேரிகளின் இரகசிய அமைப்பு எதிர்ப்பக்கம். அதன் பின்னால் டீக்கன் ஃப்ராஸ்ட்.

ஃப்ராஸ்டை அனிமே கையாண்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது. 1998 படத்தில் ஸ்டீபன் டார்ஃப் நடித்த ஃப்ராஸ்ட் துடிப்பான இளைஞன். மூத்த காட்டேரிகளை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரன். படத்துக்கு அது பொருந்தியது. ஆனால் காமிக்ஸின் ஃப்ராஸ்ட் நரைத்த முதியவன். அனிமே அந்த முதியவனையே திரும்ப அழைத்துவந்தது. அமைதியாகப் பேசும் கனவான், வாயில் நான்கு நீண்ட கோரைப்பற்கள். தாயைக் கொன்ற அந்த நான்கு பற்களின் அடையாளத்தை வைத்துத்தான் பிளேடு அவனைத் தேடி அலைகிறான். இளைஞனைக் கொல்வது சண்டை. தாயின் மரணத்துக்கும் தன் பிறப்புக்கும் ஒருசேரக் காரணமான முதியவனை எதிர்கொள்வது வேறு வகை. வெறுக்கத்தக்க ஒரு தந்தை உருவத்தின் முன் நிற்பது அது. மூலத்துக்கு நெருக்கமாகச் சென்றதால் அனிமே திரைப்படத்தைவிட ஆழமாகச் சென்ற இடம் இதுவே.

கதை ஜப்பானில் தொடங்கித் தென்கிழக்காசியாவுக்குள் நகர்கிறது. வழியில் வுல்வரினும் ஒரு முறை எதிர்ப்படுகிறான். பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டைகளிலும் மேற்கத்திய நகரங்களிலும் திரிந்த காட்டேரிக் கதையை வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவந்தது நல்ல முடிவு. இரத்தம் குடிக்கும் பேய்களுக்கு அந்த நிலப்பரப்பில் பஞ்சமே கிடையாது. மலாய் உலகின் பொந்தியானாக், கருவுற்ற நிலையிலோ பிரசவத்திலோ இறந்த பெண்ணின் ஆவி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், விளக்கம் தேவைப்படாது. 1957இல் சிங்கப்பூரில் அதே பெயரில் வந்து பெரும் வெற்றிபெற்ற மலாய்ப் படத்தை இயக்கியவர், இந்தியாவிலிருந்து சென்ற பி. என். ராவ். பிலிப்பைன்ஸின் மனனங்கல் இன்னும் அச்சமூட்டுவது. இரவில் இடுப்போடு பிரிந்து, மேல் உடல் மட்டும் சிறகடித்துப் பறந்து, கருவுற்ற பெண்களின் வீட்டுக் கூரைமேல் அமர்ந்து நீண்ட நாவை உள்ளே இறக்கும்.

இரண்டு பேய்களும் பிரசவத்தைச் சுற்றியே பிறந்தவை. மருத்துவம் எட்டாத ஊர்களில் தாய்மார்கள் இறந்த துயரம் அந்தக் கதைகளின் வேர். பிளேடின் வேரும் அதுதானே? பிரசவப் படுக்கையில் இறந்த பெண்ணின் மகன் அவன். லண்டனில் கற்பனை செய்யப்பட்ட ஒரு பிறப்புக்கதை, தன் உண்மையான உறவினர்களை மணிலாவிலும் மலாக்காவிலும் சந்தித்திருக்க வேண்டியது. தாயைக் கொன்ற காட்டேரியைத் தேடி வந்தவன், பிரசவத்தில் இறந்து காட்டேரியான ஒரு தாயின் முன்னால் வாளை உயர்த்த நேர்ந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியின் மேல் ஒரு தொடரையே கட்டலாம். அனிமே அதை மையமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃப்ராஸ்டைத் துரத்தும் ஓட்டம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போவதால், வந்து சேர்ந்த நிலத்தில் கால் பதித்து நிற்க நேரமில்லை. இந்தத் தொடர்மீது எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இது.

இரண்டாவது குறை அவனுடைய நிறம் பற்றியது. 1973இன் பிளேடு கோபக்காரனாக இருந்ததில் காட்டேரிகளுக்கு மட்டும் பங்கில்லை. வெள்ளையரே மிகுந்த கூட்டத்தோடு சேர்ந்து வேட்டையாடினாலும் அவர்களில் ஒருவனாக ஆக அவன் மறுத்தான். அந்தக் கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த தாஜ் என்ற வாய்பேசாதவனும் இருந்தான். அவனுக்கு வசனமே கிடையாது. அந்தப் பின்னணியில் பிளேடு வாய் திறந்து எதிர்த்துப் பேசுவதே ஓர் அறிவிப்பு. மனிதனா காட்டேரியா என்ற ஊசலாட்டம் வந்த பிறகு, கறுப்பின மனிதனாக அவன் சந்தித்த ஊசலாட்டம் பின்னுக்குப் போய்விட்டது. திரைப்படத்தில் ஸ்நைப்ஸின் உடல்மொழியே அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. அனிமேயில் வரைந்த உடலுக்கு அந்த வரலாறு தானாக வராது. எழுதித்தான் கொண்டுவர வேண்டும். ஆசியத் தெருக்களில் நடக்கும் ஓர் உயரமான கறுப்பின மனிதனை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற எளிய கேள்வியைக்கூடத் தொடர் அழுத்தமாகக் கேட்கவில்லை.

காட்சியமைப்பைப் பற்றிப் பேசும்போது நியாயமாக இருக்க வேண்டும். 'பிளட்லஸ்ட்' திரையரங்குக்காகப் பொறுமையாக எடுக்கப்பட்ட படம். பிளேடு, வாரம் ஓர் அத்தியாயம் என்று ஓடிய தொலைக்காட்சித் தொடர். அங்கே ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை ஓவியங்கள் என்பது பணமும் நேரமும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம். அசையாத முகங்கள், வாளின் ஒரே ஒளிக்கீற்றில் முடிந்துவிடும் வெட்டு, இருட்டில் ஒளித்துவைத்த பின்னணி ஆகியவை சோம்பலால் வந்தவை இல்லை, சிக்கனத்தால் வந்தவை. 'பிளட்லஸ்ட்' பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஏமாற்றம் வருவது இயல்பு. அந்த ஏமாற்றத்தை மதிப்பீடாக மாற்றிக்கொள்வதுதான் தவறு. ஸ்டுடியோவின் சூழலும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 2011இல் மேட்ஹவுஸ் நிப்பான் டெலிவிஷனின் துணை நிறுவனமானது. அதே ஆண்டில் மருயாமா விலகி மாப்பா என்ற புதிய ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

சிக்கனம் தொடாத ஒன்று உண்டென்றால் அது குரல். பிளேடுக்குக் குரல் கொடுத்த அகியோ ஓட்சுகா, 'மெட்டல் கியர்' விளையாட்டுகளின் ஸ்நேக், 'கோஸ்ட் இன் தி ஷெல்' தொடரின் பாத்தோ ஆகியோருக்கு உயிர்கொடுத்தவர். அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலில் களைப்பும் கண்டிப்பும் ஒன்றாகக் கேட்கும். 2012இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ஆங்கில வடிவத்தில் 'லாஸ்ட்' தொடரின் ஹெரால்ட் பெரினோ பேசினார். அது இன்னும் இளமையான, நெருக்கமான பிளேடு. இரண்டையும் கேட்டவர்களிடம் யார் பிளேடு என்று கேட்டால் விடை பிரியும். என் வாக்கு ஓட்சுகாவுக்கு.

மேட்ஹவுஸ் மார்வெலோடு தொடர்ந்து வேலை செய்தது. 2013இல் அயர்ன் மேன், 2014இல் பிளாக் விடோ, பனிஷர் ஆகியோரை வைத்து முழுநீள அனிமேப் படங்கள் வந்தன. பிளேடுக்கு இரண்டாவது வாய்ப்பு வரவில்லை. 2019இல் மகெர்ஷாலா அலி நடிப்பதாக அறிவிக்கப்பட்ட புதிய திரைப்படமும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2024இல் வெளியீட்டு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது.

இந்தத் தொடரைப் புதிதாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு என் யோசனை: முதலில் 'டூம் ஆஃப் டிராகுலா' பத்தாவது இதழைப் படித்துவிடுங்கள். பிறகு ஜப்பானியக் குரலோடு தொடரைத் தொடங்குங்கள். 'பிளட்லஸ்ட்' படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பார்த்தால் அதன் அழகு இதன் கதையைக் கேட்கவிடாது. தன்பா யாக்யூ வரும் பகுதிகளில் அவசரப்பட வேண்டாம். ஃப்ராஸ்ட் பேசும் காட்சிகளில் பற்களைவிட அவன் நிதானத்தைக் கவனியுங்கள்.